டீச்சர் மீது புகார் கொடுப்பதா, வேண்டாமா?

வாசகர் கேள்வி - பதில்

இம்முறை வந்த கடிதங்களில் மூன்று ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்ததால், பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களையும் பள்ளிகளை அடையாளம் காட்டும் விவரங்களையும் நீக்கிவிட்டோம்.

கேள்வி: என் மகன் தனியார் மெட்ரிகுலேஷன் பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். போன வருடம் வரை வேன் வருவதற்கு முன்பே வாசலில் போய் நின்றவன், காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு தினமும் காலையில் வயிற்றுவலி என்கிறான். சனி, ஞாயிறுகளில் வலிப்பதில்லை. டாக்டரிடம் காட்டினோம், உடம்பில் ஒன்றுமில்லை என்றார். மெல்ல விசாரித்தபோது, கணக்கு மிஸ் அவனை எல்லோர் முன்னாலும் 'மக்கு' என்று கூப்பிடுவதாகவும், கணக்கு தப்பானால் பெஞ்சின் மேல் ஏற்றி நிற்கவைத்து, 'இவனோடு சேர்ந்தால் நீங்களும் இப்படித்தான் ஆவீர்கள்' என்று மற்றப் பிள்ளைகளிடம் சொல்வதாகவும் சொன்னான். இப்போது மதியம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து யாரும் சாப்பிடுவதில்லையாம். டீச்சரைப் பகைத்துக்கொண்டால் நம் பிள்ளைக்குத்தான் நஷ்டம், இன்னும் சில மாதங்கள்தானே என்கிறார் என் கணவர். 'கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் என்று சொல்லித்தான் நாங்கள் பிள்ளைகளைச் சேர்த்தோம், அவர்கள் என்ன கெட்டா போனார்கள்?' என்கிறார் மாமனார். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் உள்ள இரண்டு அம்மாக்கள் தனியாகப் பேசும்போது தங்கள் பிள்ளைகளும் இதையே சொல்வதாகச் சொன்னார்கள், ஆனால் கையெழுத்துப் போட மாட்டார்களாம். அந்த டீச்சருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. நாற்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தனியாகச் சமாளிக்கிறார். என்னால் அவர் வேலை போய்விடுமோ என்ற பயமும் இருக்கிறது. அவனுடைய கணக்கு நோட்டின் ஒரு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து இணைத்திருக்கிறேன். புகார் கொடுக்கலாமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: சகோதரி, நீங்கள் அனுப்பிய அந்த நோட்டுப் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன். 403-இலிருந்து 178-ஐக் கழிக்க வேண்டிய இடத்தில் உங்கள் மகன் 375 என்று எழுதியிருக்கிறான். 502-இலிருந்து 236-ஐக் கழித்து 334 என்று எழுதியிருக்கிறான். இரண்டையும் டீச்சர் சிவப்பு மையால் அடித்து, 'கவனம் இல்லை' என்று குறித்து, பெற்றோர் கையெழுத்து கேட்டிருக்கிறார். ஆனால் அதே பக்கத்தில் 648-இலிருந்து 325-ஐக் கழித்து 323 என்று சரியாகவே எழுதியிருக்கிறான். மூன்று கணக்குகளையும் சேர்த்துப் பார்த்தால் அவன் என்ன செய்கிறான் என்பது விளங்கிவிடும். மேலே சிறிய எண்ணும் கீழே பெரிய எண்ணும் வந்தால், பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துவிடுகிறான்: எட்டிலிருந்து மூன்று போனால் ஐந்து, ஏழிலிருந்து பூஜ்யம் போனால் ஏழு, நான்கிலிருந்து ஒன்று போனால் மூன்று. கவனமில்லாத பிள்ளை கண்டபடி தப்புச் செய்யும். இவனோ தப்பான ஒரு விதியை ஒருமுறைகூடப் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறான். கடன் வாங்கிக் கழித்தல், அதிலும் நடுவில் பூஜ்யம் வரும்போது நூறாம் இடம் வரை போய்க் கடன் வாங்குதல், அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை, அவ்வளவுதான். நான்கு நூறு ரூபாய் நோட்டுகளையும் மூன்று ஒரு ரூபாய் நாணயங்களையும் அவன் கையில் கொடுத்து, 'எனக்கு 178 ரூபாய் கொடு' என்று கேட்டுப் பாருங்கள். நூறு ரூபாயை மாற்றினால்தான் கொடுக்க முடியும் என்று அவனே சொல்வான். மாற்றிய பத்து ரூபாய்களில் ஒன்றை மறுபடியும் ஒரு ரூபாய்களாக மாற்ற வேண்டும் என்பதும் அவனுக்கே தெரிந்துவிடும்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன: பையனுக்குக் கழித்தல் வரவில்லை என்பது ஒன்று, அவன் வகுப்பில் அவமானப்படுத்தப்படுகிறான் என்பது இன்னொன்று. இவற்றை ஒரே மூச்சில் கொண்டுபோய்ச் சொல்லும் பெற்றோருக்கு என்ன நடக்கும் என்பதைப் பள்ளி அலுவலக அறைகளில் காத்திருந்து பழகியவர்கள் எல்லோரும் அறிவார்கள். பிரின்ஸிபால் மதிப்பெண் பட்டியலைத் திறப்பார், 'உங்கள் பையன் கணக்கில் கொஞ்சம் வீக் மேடம், மிஸ் அவன் நல்லதுக்குத்தான் ஸ்ட்ரிக்டாக இருக்கிறார்' என்பார், வீட்டில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறதா என்று கேட்பார். அவமானத்தைப் பற்றிப் பேசப் போன நீங்கள் டியூஷனைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பி வருவீர்கள். பதில் சொல்ல எளிதான கேள்வியையும் கடினமான கேள்வியையும் சேர்த்துக் கேட்டால், எளிதானதற்கு மட்டும் பதில் கிடைக்கும். அதனால் இரண்டையும் பிரித்துவிடுங்கள். கழித்தல் கணக்கு டீச்சரிடம் பேச வேண்டியது. அதில் புகாருக்கு இடமே இல்லை. பெஞ்சின் மேல் நிற்கவைப்பதற்கும், பேர் வைத்துக் கூப்பிடுவதற்கும், மற்றப் பிள்ளைகளை அவனிடமிருந்து விலக்குவதற்கும் அவன் எத்தனை மார்க் வாங்குகிறான் என்பதோடு சம்பந்தமே கிடையாது. அவன் நூற்றுக்கு நூறு வாங்கினாலும், பூஜ்யம் வாங்கினாலும் அவை தவறுதான்.

இது என் சொந்த அபிப்பிராயம் மட்டுமல்ல. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆவது பிரிவில், உடல் ரீதியான தண்டனையையும் மன ரீதியான துன்புறுத்தலையும் ஒரே வரியில் சேர்த்துத் தடை செய்கிறது. மீறுபவர் மீது பணி விதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம் என்றும் சொல்கிறது. தமிழ்நாட்டில் அதற்கும் முன்பே, 2003-இல், தமிழ்நாடு கல்வி விதிகளின் 51-ஆவது விதி திருத்தப்பட்டு, மாணவர்களுக்கு உடல் வலியோ மன வேதனையோ தரும் தண்டனைகள் விலக்கப்பட்டுவிட்டன. உங்கள் மாமனார் சொன்ன வசனம் புழங்கிய காலத்தில் பிரம்புக்கு விதியிலேயே இடம் இருந்தது; இப்போது இல்லை. அவருடைய கேள்விக்கும் ஒரு வார்த்தை: அடிபட்டுப் படித்தும் தேறியவர்கள்தான் இன்று திண்ணையில் உட்கார்ந்து அந்தக் கதையைப் பெருமையாகச் சொல்கிறார்கள். அதே அடிக்குப் பயந்து ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனவர்களிடம் யாரும் போய், 'நீங்கள் என்ன ஆனீர்கள்?' என்று கேட்பதில்லை.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது என்பதற்காக நாளைக்கே புகார் மனுவோடு போய் நிற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் இதுவரை அந்த டீச்சரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியதாகக் கடிதத்தில் இல்லை. அடி, காயம், வகுப்பறையில் பூட்டிவைத்தல் போன்றவை நடந்திருந்தால் டீச்சரைச் சந்திக்கும் படியையே தாண்டி நேரே எழுத்து மூலம் போகச் சொல்வேன். உங்கள் மகன் விஷயத்தில் முதல் சந்திப்பு அவரோடுதான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் நிற்கும் ஓர் இளம் ஆசிரியை, தான் படித்த காலத்தில் கேட்ட சொற்களையே யோசிக்காமல் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கக்கூடும். ஒரு தாய் எதிரில் வந்து உட்கார்ந்து, அந்தச் சொல் வீட்டில் என்ன செய்கிறது என்று சொன்னால், அதோடு நிறுத்திக்கொள்பவர்கள் பலர். அவர் வேலைக்கு ஆபத்து வந்துவிடுமோ என்ற உங்கள் பயத்துக்கும் இதுவே பதில். அவருக்குத் திருத்திக்கொள்ள ஒரு வாய்ப்புத் தருகிறீர்கள். அதன் பிறகு நடப்பது அவர் கையில் இருக்கிறது.

பள்ளி விடும் நேரத்தில் கேட்டுக்கு வெளியே வைத்துப் பேசாதீர்கள். டைரியில் இரண்டு வரி எழுதி நேரம் கேளுங்கள். நோட்டைக் கையோடு கொண்டுபோய் முதலில் அந்தக் கழித்தலைக் காட்டுங்கள். அவன் எங்கே தடுக்கி விழுகிறான் என்று நீங்கள் கண்டுபிடித்துச் சொன்னால் எந்த நல்ல ஆசிரியரும் உங்களோடு சேர்ந்து குனிந்து பார்ப்பார். பிறகு, குரலை உயர்த்தாமல், மற்றதைச் சொல்லுங்கள். 'நீங்கள் ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?' என்று கேட்டால் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார். 'அவனை மக்கு என்று கூப்பிடுவதாகவும் பெஞ்சில் ஏற்றி நிறுத்துவதாகவும் சொல்கிறான், அது இனிமேல் வேண்டாம் மிஸ்' என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் கேட்டு வாங்குங்கள்: மற்றப் பிள்ளைகளிடம் அவனைப் பற்றிச் சொன்னதை அவரே வகுப்பில் சரிசெய்ய வேண்டும். அவனை ஒரு குழுவில் சேர்த்து உட்காரவைப்பதோ, போர்டை அழிக்கக் கூப்பிடுவதோ போதும். எட்டு வயதுப் பிள்ளைகள் டீச்சரின் முகத்தைப் பார்த்துத்தான் யாரோடு சேரலாம் என்று முடிவு செய்கிறார்கள்.

அதற்கு முன்னால் உங்கள் பக்கத்து வேலை ஒன்று உண்டு. அவன் சொன்னவற்றைத் தேதியோடு, அவன் சொன்ன வார்த்தைகளிலேயே, ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். 'மிஸ் இன்றைக்கும் திட்டினாங்களா?' என்று தினமும் கேட்காதீர்கள். அம்மா எதிர்பார்க்கும் பதிலைச் சொல்லிவிடுவது அந்த வயதின் இயல்பு. 'இன்றைக்குக் கணக்கு பீரியடில் என்ன நடந்தது?' என்று கேட்டுவிட்டு அவன் சொல்வதைக் கேளுங்கள், அவன் வேறு பேச்சுக்குப் போனால் விட்டுவிடுங்கள். பையில் போனை ஒளித்துவைத்து ரெக்கார்டு செய்யும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிடிபட்டால் மாட்டிக்கொள்வது பிள்ளைதான். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இதைப் போடவே போடாதீர்கள். அங்கே போட்ட ஐந்தாவது நிமிடத்தில் அது ஸ்கிரீன்ஷாட்டாக ஸ்டாஃப் ரூமுக்குப் போய்ச் சேரும். பிறகு பேச்சு டீச்சர் செய்ததை விட்டுவிட்டு நீங்கள் செய்ததைப் பற்றியதாகிவிடும். அந்த இரண்டு அம்மாக்களையும் வற்புறுத்த வேண்டாம். அவர்கள் பெயரையோ, 'எல்லாப் பிள்ளைகளும் சொல்கிறார்கள்' என்ற வரியையோ மனுவில் சேர்க்கவும் வேண்டாம். கேட்டால் மறுத்துவிடுவார்கள், உங்கள் மனு அந்த இடத்தில் உடையும்.

பேசிய பிறகு பத்து நாள் கொடுங்கள். வயிற்றுவலி குறைகிறதா, மதியம் யாரோடு சாப்பிட்டான் என்பதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். மாற்றம் இல்லையென்றால், அல்லது பேசிய மறுநாளே, 'வீட்டில் போய்ச் சொல்கிறாயா?' என்று அவனை வகுப்பில் கேட்டார் என்றால், தயங்காமல் எழுத்துக்குப் போங்கள். பிரின்ஸிபாலுக்கு ஒரு பக்கத்துக்கு மிகாத கடிதம் போதும்: என்ன நடந்தது, எந்தத் தேதிகளில், டீச்சரிடம் எப்போது பேசினீர்கள், இப்போது என்ன கேட்கிறீர்கள். கேட்பதும் தெளிவாக இருக்கட்டும். இந்தத் தண்டனைகள் நிறுத்தப்பட வேண்டும், எடுத்த நடவடிக்கையை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். டீச்சரை நீக்குங்கள் என்று எழுதாதீர்கள். அது உங்கள் விருப்பமும் இல்லை; அப்படி எழுதியதும் மற்ற ஆசிரியர்கள் எல்லோரும் அவர் பின்னால் நின்றுவிடுவார்கள். நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். கொடுக்க மறுத்தால் ஒப்புகையோடு விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள்.

உங்கள் கணவரின் பயத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. பழிவாங்குதல் நடக்கிறது: கேள்வி கேட்டால் காதில் விழாதது போல இருப்பார்கள், ஆண்டு விழா நடனத்திலிருந்து பேரை எடுப்பார்கள், நோட்டைத் திருத்தாமல் திருப்பிக் கொடுப்பார்கள். ஆனால் அது வாயால் சொல்லிவிட்டு வந்த பெற்றோரின் பிள்ளைக்குத்தான் அதிகம் நடக்கிறது. முத்திரையிட்ட கடிதம் ஒன்று கோப்பில் இருந்தால், அந்தத் தேதிக்குப் பிறகு நடக்கும் ஒவ்வொன்றும் அதோடு சேர்த்துப் பார்க்கப்படும் என்பது நிர்வாகத்துக்குத் தெரியும். 'டி.சி. வாங்கிக்கொண்டு போங்கள்' என்று மிரட்டினால், எட்டாம் வகுப்பு முடியும் வரை பிள்ளையை வெளியேற்ற முடியாது என்று அதே கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு சொல்வதை நினைவுபடுத்துங்கள். பள்ளி பதிலே சொல்லாவிட்டால் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கும் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் அதே கடிதத்தின் நகலை அனுப்பலாம். பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். அதற்கு மேல் சென்னையில் தமிழ்நாடு குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் இருக்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது என்றே நினைக்கிறேன்.

கேள்வி: நான் தனியார் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி உயரமாக இருப்பதால், பின்னால் இருப்பவர்களுக்குப் போர்டு மறைக்கிறது என்று கடைசி வரிசைக்கு மாற்றினேன். பாரபட்சம் காட்டுகிறேன் என்று அவளுடைய அப்பா என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் நேராகத் தாளாளரிடம் புகார் கொடுத்துவிட்டார். தாளாளர் விளக்கம்கூடக் கேட்காமல் எனக்கு மெமோ கொடுத்தார். முதலில் ஆசிரியரிடம் பேசுவதுதானே முறை?
- ஆசிரியை, ஈரோடு

பதில்: இருக்கை விஷயத்துக்கு அதுதான் முறை, இரண்டு நிமிடம் பேசினால் முடிந்திருக்கும் காரியம். ஆனாலும் அந்தத் தந்தை உங்களை எங்கே சந்தித்திருக்க முடியும் என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலான தனியார் பள்ளிகளில் கேட்டைத் தாண்டப் பெற்றோருக்கு அனுமதி இல்லை, ஆசிரியர்களின் போன் நம்பரைக் கொடுக்கக் கூடாது என்று நிர்வாகமே சொல்லிவைத்திருக்கிறது, பெற்றோர் கூட்டத்திலோ வரிசையில் நின்று ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடவே நேரம் சரியாக இருக்கிறது. திறந்திருக்கும் ஒரே கதவு தாளாளர் அறை என்றால் அந்தக் கதவைத்தான் தட்டுவார்கள். உங்கள் வருத்தத்தில் பாதி நிர்வாகத்தைச் சேர வேண்டியது.

மெமோவுக்கு எழுத்தில் பதில் கொடுங்கள். புகாரின் நகலைக் கேளுங்கள், எந்தத் தேதியில் எந்தக் காரணத்துக்காக இடம் மாற்றினீர்கள் என்பதை நாலு வரியில் எழுதுங்கள், உங்கள் நகலில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒருமுறை எல்லோரையும் வரிசை மாற்றி உட்காரவைத்து, உயரமான பிள்ளைகளுக்கு முன் வரிசைகளின் ஓரத்தில் இடம் கொடுத்தால் இந்தப் பேச்சே எழாது. அந்தப் பெண்ணிடம் மட்டும், 'என்ன, அப்பா கம்ப்ளெயின்ட் எல்லாம் கொடுக்கிறாராமே?' என்று வகுப்பில் கேட்டுவிடாதீர்கள். அவள் புகார் கொடுக்கவில்லை. நீங்கள் அப்படிக் கேட்டால், இதுவரை இல்லாத பாரபட்சத்துக்கு நீங்களே சாட்சி தயார் செய்து கொடுத்ததாகிவிடும்.

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு அவள் பள்ளி ஆசிரியர் ஒருவர் இரவு பத்து மணிக்கு மேல் மெசேஜ் அனுப்புகிறார். முதலில் பாடம் பற்றி இருந்தது. இப்போது தனியாக இருக்கிறாயா, போட்டோ அனுப்பு, அப்பாவிடம் சொல்லாதே என்று வருகிறது. அவரைக் கூப்பிட்டு எச்சரித்தால் போதும் என்கிறார் மனைவி. பள்ளியில் சொன்னபோது, தாங்களே விசாரிப்பதாகவும், போலீசுக்குப் போனால் பெண்ணின் பேர் கெட்டுவிடும் என்றும் சொல்கிறார்கள். என்ன செய்வது?
- தந்தை, செங்கல்பட்டு

பதில்: இதழ் அச்சாகும் வரை காத்திருக்கக் கூடாது என்பதால் இவருக்கு உடனே தனியாகப் பதில் எழுதிவிட்டோம். இதே நிலையில் இருக்கக்கூடிய மற்றவர்களுக்காக இங்கே தருகிறேன்.

கொடுக்கலாமா, வேண்டாமா என்று யோசிக்கும் விஷயங்களில் இது சேராது. அந்த ஆசிரியரைக் கூப்பிட்டுப் பேசாதீர்கள். பேசினால் அவர் அன்றிரவே தன் பக்கத்து மெசேஜ்களை அழிப்பார், உங்கள் மகளையும் அழிக்கச் சொல்வார். போனில் இருப்பதை அப்படியே வைத்து, எண்ணும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, உங்கள் போனிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போங்கள், அல்லது குழந்தைகளுக்கான உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள். அந்த எண் இலவசம், இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது. பாலியல் நோக்கத்தோடு ஒரு குழந்தையைத் திரும்பத் திரும்ப மின்னணு வழியில் தொடர்புகொள்வது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குற்றம். அப்படி ஒன்று நடந்தது என்று தெரிந்த எவரும் போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று அதன் 19-ஆவது பிரிவு சொல்கிறது. பள்ளி நிர்வாகமும் அதில் அடக்கம், தெரிவிக்காமல் மறைப்பது அவர்களுக்கே தண்டனைக்குரிய குற்றம். 'நாங்களே விசாரிக்கிறோம்' என்பவர்களிடம் இதை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

பேர் கெட்டுவிடும் என்ற மிரட்டலுக்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது. குழந்தையின் பெயரையோ அடையாளத்தையோ யாரும் வெளியிடக் கூடாது. வாக்குமூலத்தை உங்கள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ வாங்கலாம், கூடியவரை பெண் அதிகாரியே வாங்க வேண்டும், வருபவர் சீருடையில் இருக்கக் கூடாது, நீங்களோ உங்கள் மனைவியோ உடன் இருக்கலாம். நிலையத்தில் இவற்றைக் கேட்டு வாங்கத் தயங்காதீர்கள். கிளம்புவதற்கு முன், அவள் போனைப் பிடுங்கி வைத்துக்கொள்ளாமல், ஏன் வேண்டும் என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள். தவறு செய்தவள் அவளில்லை என்பதை வீட்டில் எல்லோர் முன்னாலும் அவளிடம் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.